பிரெஞ்சு செனட் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களே,

முதல் உலகப் போரில் படையை விட்டு ஓடியதாகவும் கட்டளையை மீறியதாகவும் தண்டிக்கப்பட்டு, மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று சொந்தப் படையின் துப்பாக்கிகளாலேயே சுட்டுக் கொல்லப்பட்ட 639 சிப்பாய்களின் பழியைத் துடைக்கும் சட்ட முன்வரைவு, 2022 சனவரியில் நாடாளுமன்றக் கீழவையான தேசிய அவையில் நிறைவேறித் தங்களிடம் வந்தது. 2023 பிப்ரவரியில் தாங்கள் அதை நிராகரித்தீர்கள். அதை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே, புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் போர் நினைவுச் சின்னத்தில், அந்தப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11 அன்று தலைவணங்கும் பிரெஞ்சுக் குடிமக்களில் ஒருவனாகிய நான் இதை எழுதுகிறேன்.

அவர்களில் ஒருவரான சிப்பாய் லூசியன் பெர்சோவைத் தாங்கள் அறிவீர்கள். 1915 பிப்ரவரிக் குளிரில், மெல்லிய துணிக் காற்சட்டையோடு நின்ற அவர் கம்பளிக் காற்சட்டை ஒன்று கேட்டார். இறந்த சிப்பாய் ஒருவரின் இரத்தக் கறை படிந்த காற்சட்டையை நீட்டினார்கள். அதை அணிய மறுத்ததற்கு முதலில் கிடைத்தது எட்டு நாள் சிறை மட்டுமே. அது போதாது என்று அவரை இராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்பிய கர்னலே அந்த நீதிமன்றத்துக்குத் தலைமையும் தாங்கினார். மறுநாளே பெர்சோ சுடப்பட்டார். அவருக்காகப் பரிந்து பேசிய தோழர்கள் இருவருக்குக் கடுங்காவல். 1922-இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தபோது, ஒரு காற்சட்டைக்காகக் கணவனை இழந்த பெண் ஏழு ஆண்டுகளாகக் குற்றவாளியின் மனைவியாக வாழ்ந்திருந்தார்.

ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாக ஆராய வேண்டும் என்கிறீர்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் பெர்சோவுக்காக வழக்காட ஆள் இருந்தது, ஆவணங்களும் இருந்தன. கோப்புகளே தொலைந்துபோனவர்களின் வழக்கை எதை வைத்து ஆராய்வீர்கள்? கோப்பைத் தொலைத்தது அரசு. அதற்கான தண்டனையை மட்டும் இன்னமும் செத்தவனே அனுபவிக்க வேண்டுமா? 1998-இல், அந்தப் போரின் களமாக இருந்த கிரான் ஊரில் பிரதமர் ழோஸ்பன், இவர்கள் தேசத்தின் நினைவில் முழுமையாக இடம்பெற வேண்டும் என்றார். பிறகு பாரிசின் அன்வலிட் இராணுவ அருங்காட்சியகத்திலும் இவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. காட்சிக்கு வைக்கத் தகுந்தவர்கள், பழி நீக்கத் தகாதவர்கள் போலும்! பிரிட்டனோ 2006-இல் தன்னால் கொல்லப்பட்ட 306 பேருக்கும் ஒரே சட்டத்தில் மன்னிப்பு வழங்கியது. அதனால் அந்நாட்டுப் படையின் ஒழுங்கு குலைந்ததாக நான் கேள்விப்படவில்லை.

கோபத்தில் வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருள்க. அந்த முன்வரைவை மீண்டும் விவாதத்துக்கு எடுத்து, 639 பேரின் பழியையும் ஒருசேர நீக்கி, அவரவர் ஊர் நினைவுச் சின்னங்களில் அவர்களுடைய பெயர்களைப் பொறிக்க வழிசெய்யுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
புதுச்சேரிவாழ் பிரெஞ்சுக் குடிமகன் ஒருவன்