மதகு வேலை அட்டவணையில் தேதியைப் பூட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குறுவைக்குத் தண்ணீர் வருவதற்குள் மதகு வேலைகளை முடித்தாக வேண்டும் என்பது டெல்டாவில் ஆண்டுதோறும் உள்ள அவசரம். இதற்கு மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் என்ற திட்டமிடல் மென்பொருளில் அட்டவணை போடுகிறவர்கள் பலரும், ஒவ்வொரு வரிக்கும் தேதியைக் கையால் அடித்துவிடுகிறார்கள். சுவரில் மாட்டிய காலண்டருக்கும் அந்த அட்டவணைக்கும் பிறகு வித்தியாசமே இல்லை.

ஒரு சிறு மதகை எடுத்துக்கொள்வோம். மண்மூட்டை அடுக்கி நீரிறைக்க 2 நாள், பழைய சுவரை இடிக்க 3, அடித்தளம் 4, பக்கச்சுவர் கான்கிரீட் 5, க்யூரிங் (கான்கிரீட்டை ஈரமாக வைத்து இறுகவிடுவது) 10, ஷட்டர் (மதகின் கதவு) பொருத்த 2, மூட்டைகளை அகற்ற 1. மொத்தம் 27 நாள். மே 10-ல் தொடங்கி விடுமுறையில்லாமல் செய்தால் ஜூன் 5-ல் முடியும். கம்பி வராமல் அடித்தளம் 9 நாள் தள்ளிப்போகிறது என்று வையுங்கள். தேதியைக் கையால் போட்ட அட்டவணையில் ஷட்டர் வரி ஜூன் 3-லேயே நிற்கும். உண்மையில் பக்கச்சுவர் முடிவதே ஜூன் 1-ல்தான். அட்டவணையை நம்பி ஷட்டர் கொண்டுவந்து இறக்கினால் பலியாவது க்யூரிங். பிபிசி (போசலானா கலந்த) சிமென்ட்டுக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 கேட்கும் குறைந்தபட்ச க்யூரிங் 10 நாள். இறுகாத கான்கிரீட்டில் முடுக்கிய போல்ட், தண்ணீர் அழுத்தும்போது தளரும்.

தேதியை மென்பொருளே கணக்கிடும் ‘ஆட்டோ ஷெட்யூல்’ வைத்து, எந்த வேலைக்குப் பின் எது என்று ‘ப்ரிடிசஸர்’ பத்தியில் இணைத்திருந்தால், கால அளவை 4-லிருந்து 13 ஆக்கியதுமே கடைசி வரி ஜூன் 14-க்குப் போய்விடும். மூன்று வாரம் முன்பே தெரிந்துவிட்டால், கூடுதல் ஆளா, கான்கிரீட் வார்க்க இரண்டாவது செட் பலகையா என்று முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும்.

2010 பதிப்பு முதல் புதிய வேலைகள் ‘மேனுவல்’ (தேதியைக் கையால் போடும் முறை) ஆகவே வருகின்றன. திரையின் கீழ்ப்பட்டையில் அதை முதலில் மாற்றுங்கள். இன்னொரு பொறி இதைவிட மோசம். ஆட்டோவில் இருக்கும் வரியிலும் ‘ஸ்டார்ட்’ கட்டத்தில் ஒரு தேதியை அடித்தால், வரைபடத்தில் அந்த வேலையின் பட்டையை மவுஸால் இழுத்தாலும்கூட, ‘ஸ்டார்ட் நோ எர்லியர் தேன்’ (இந்தத் தேதிக்கு முன் தொடங்காதே) என்ற கட்டுப்பாடு தானாக ஏறிவிடும். முந்தைய வேலை சீக்கிரம் முடிந்தாலும் அந்த வரி முன்னே நகராது. தேதியை அடிக்காமல் கால அளவையும் இணைப்பையும் மட்டும் கொடுப்பதே வழி.

நாள்காட்டியும் முக்கியம். மென்பொருளின் இயல்பான வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை. நம் தளத்தில் சனிக்கிழமையும் வேலை உண்டு. க்யூரிங்குக்கோ ஞாயிறு விடுமுறையும் கிடையாது. அதை ‘எலாப்ஸ்டு’ (விடுமுறை பார்க்காமல் தொடர்ந்து ஓடும்) நாள்களாகக் கொடுக்காவிட்டால் விடுமுறைகளையும் சேர்த்து நீட்டிவிடும். ஒரே பொக்லைன் இரண்டு வாய்க்காலில் ஓடுவதாகக் காட்டினாலும் மென்பொருள் தானாகத் தடுக்காது. இயந்திரத்தை ‘ரிசோர்ஸ்’ (வேலைக்கான வளம்) ஆகச் சேர்த்து, மோதும் வேலைகளைத் தள்ளிவைக்கும் ‘லெவலிங்’ செய்ய வேண்டும்.

டெண்டர் முடியாத வேலைக்கு மேனுவல் தேதி பொருந்தும். வேலை உத்தரவு வந்த பிறகும் அப்படியே விடுவதுதான் தவறு.

தண்ணீர் திறக்கும் நாளை ‘மஸ்ட் ஃபினிஷ் ஆன்’ (இந்தத் தேதியில் முடிந்தே ஆக வேண்டும்) என்று பூட்டாமல் ‘டெட்லைன்’ (கெடு) கட்டத்தில் போடுங்கள். அது எந்த வேலையையும் நகர்த்தாது. தாண்டினால் சிவப்புக் குறி காட்டும். மேட்டூர் திறப்பு வழக்கப்படி ஜூன் 12 என்றாலும், 2022-ல் மே 24-ல் திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28-ல். தேதி மாறும் ஆண்டில் டெட்லைனை மட்டும் மாற்றினால் எந்தெந்த மதகு முடியாது என்று உடனே தெரியும்.

ஒப்பந்ததாரரிடம் அட்டவணையை அச்சாக வாங்காமல் கோப்பாகவே வாங்கி, ‘டாஸ்க் மோட்’ (ஆட்டோவா, மேனுவலா), ‘கன்ஸ்ட்ரெய்ன்ட் டைப்’ (தேதிக் கட்டுப்பாடு) என்ற இரு பத்திகளையும் திறந்து பார்க்குமாறு அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இரண்டாவதில் ‘ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்’ (முடிந்தவரை சீக்கிரம்) அல்லாத ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேளுங்கள்.

இப்படிக்கு,
கட்டுமானப் பணித் திட்டமிடுவோர் சிலர்,
கும்பகோணம்