மாரி தொடங்கும் முன் அவசரக் கொள்வனவுச் சுற்றறிக்கை வேண்டி மனு

தலைவர்,
பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு,
கொழும்பு 07.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

மட்டக்களப்பு மாவட்டத்தில் பல்கலைக்கழக விடுதிகளுக்கும் ஆய்வுகூடங்களுக்கும் பொறுப்பாக இருக்கும் நாம் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

கடந்த மாரியில் வெள்ளம் வடிந்ததும் மாணவியர் விடுதியொன்றின் நீர்ப்பம்பி எரிந்துபோனது. கிணற்றில் வெள்ளநீர் கலந்திருந்ததால் குளோரினும் உடனே தேவைப்பட்டது. மூன்று கடைகளின் கூறுவிலைகள் (எழுத்தில் தரும் விலைகள்) இல்லாமல் கோப்பு நகராது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நகரில் அந்த மோட்டர் இருந்ததோ ஒரே ஒரு கடையில்தான். கொழும்புப் பாதையிலுள்ள மன்னம்பிட்டிப் பக்கம் மகாவலி ஆறு வீதிக்கு மேலால் பாயும் நாட்களில் கொழும்பிலிருந்து லொறியும் வராது. மலையகப் பிள்ளைகள் வீட்டுக்கும் போக வழியின்றி, வாளியோடு அயல் வீடுகளுக்குத் தண்ணீருக்கு நடந்தார்கள். கடைசியில் காப்பாளர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் மோட்டரை வாங்கினார். அதற்கான கணக்காய்வு வினாவுக்கு இன்னமும் அவரே பதில் எழுதுகிறார். இது பெரும் அநியாயம்.

2006ஆம் ஆண்டின் அரச பெறுகை (கொள்வனவு) வழிகாட்டல்களும் சரி, 2025 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய வழிகாட்டல்களும் சரி, அவசரப் பெறுகைக்கு இடம் கொடுக்கின்றன. ஆனால் எது அவசரம், அதை அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு என்பது எமது மட்டத்தில் தெளிவாக இல்லை. ஆகவே பீடாதிபதி பதிவாளருக்கும், பதிவாளர் நிதியாளருக்கும் கோப்பை அனுப்புகிறார்கள். பின்னாளில் தனியே பதில் சொல்ல நேருமே என்று ஒவ்வொருவரும் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் மின்சாரம் நின்ற ஆய்வுகூடத்தில் மறை 80 பாகை செல்சியஸ் குளிரில் வைத்த ஆய்வு மாதிரிகள் கையொப்பங்களுக்காகக் காத்திருக்கமாட்டா. அவை உருகினால் ஒரு மாணவரின் பட்ட ஆய்வு போய்விடும். அதை எந்தப் பணத்தாலும் மீண்டும் வாங்க முடியாது.

எமது மாரி உச்சம் கொள்ளும் டிசெம்பரிலேயே நிதியாண்டும் முடிகிறது. கணக்குகளை மூடும் அந்த வாரங்களில் புதிய கொள்வனவென்றாலே அலுவலகங்கள் கைவிரிக்கின்றன.

எனவே, உயிர், குடிநீர், மின்சாரம், ஆய்வு மாதிரிகள் ஆகியவற்றுக்கு உடனடி ஆபத்து நேரும்போது, பல்கலைக்கழகப் பேரவை முன்கூட்டியே வகுத்த தொகைக்குள் ஒரே கூறுவிலையில் வாங்கும் அதிகாரத்தைப் பீடாதிபதிக்கும் விடுதிப் பொறுப்பாளருக்கும் வழங்கும் சுற்றறிக்கையொன்றை வெளியிடுமாறு வேண்டுகிறோம். பம்பி, குளோரின், மின்பிறப்பாக்கி எரிபொருள் போன்றவற்றுக்கு உள்ளூர் வழங்குநர்களுடன் ஆண்டுதோறும் முன்விலை பேசி வைக்கவும் அதில் இடமிருக்கட்டும். வாங்கியதன் காரணமும் பற்றுச்சீட்டும் 14 நாட்களுக்குள் பெறுகைக் குழுவுக்குச் செல்லவேண்டும். விபரம் இணையத்தளத்தில் வெளிவரவேண்டும். திட்டமிடாமல் பிந்திய வேலைகளை அவசரம் என்று காட்டி வாங்குவதை அதே சுற்றறிக்கை வெளிப்படையாகத் தடைசெய்யவேண்டும் என்பதிலும் நாம் உறுதியாக இருக்கிறோம்.

ஒக்டோபர் மாதத்துக்கு முன் இச்சுற்றறிக்கை எமக்குக் கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
விடுதிக் காப்பாளர்களும் ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும்,
மட்டக்களப்பு.