டீச்சருக்கு, யோபு கடைசி அதிகாரத்தைப் பற்றி

அன்புள்ள டீச்சர்,

வருகிற சனிக்கிழமையோடு ஒரு வருஷம். எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முந்தின ஏப்ரல் மாதத்தைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. நம் சபையார் நிறையப் பேர் இதை வாசிப்பார்கள். தெரிந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

நேரில் வந்து சொல்லாமல் ஏன் ஊரறிய எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். இரண்டு தடவை உங்கள் வீட்டு வாசல்வரை வந்தேன். முதல் தடவை கேட் பூட்டியிருந்தது. அடுத்த தடவை திறந்துதான் கிடந்தது, நான்தான் திரும்பிவிட்டேன். அப்புறம் ஒன்று தோன்றியது. உங்கள் வாயை நான் அடைத்தது இருபத்திரண்டு பேர் முன்னால். மன்னிப்பை மட்டும் உங்கள் முன்னறையில் தனியாகக் கேட்டுவிட்டு வந்தால் அது சரியாக இருக்காது.

அன்றைக்கு நான் நடத்துகிற சனிக்கிழமை வேத வகுப்பில் யோபு முடிகிற நாள். ஆடுமாடுகளையும் பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்து, கடைசி அதிகாரத்தில் செல்வத்தையும் வேறு பத்துப் பிள்ளைகளையும் பெறுகிற மனுஷனின் கதை. ஏழு மாதமாக வாசித்த புத்தகம் முடிகிறதே என்று சுண்டலும் காப்பியும் ஏற்பாடாகியிருந்தது. நான் போர்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இந்தப் பக்கம் முதல் அதிகாரம்: ஆடு 7000, ஒட்டகம் 3000, ஏர்மாடு 500, கழுதை 500. அந்தப் பக்கம் 42ஆம் அதிகாரம்: 14000, 6000, 1000, 1000. மேலே பெரிய எழுத்தில் ‘இரண்டத்தனையாய்’, அதாவது இரட்டிப்பாக, என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். வழக்கம்போல, “இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்?” என்று கேட்டேன். முன்வரிசை அண்ணாச்சி, வழக்கம்போல, கர்த்தர் நல்லவர் என்றார்.

அப்போதுதான் நீங்கள் பேசினீர்கள். ஏழு மாதத்தில் முதல் தடவை. ஜன்னல் ஓரத்தில் இருந்து, பைபிளில் வைத்த விரலை எடுக்காமலே கேட்டீர்கள்.

“ஆடு மாடெல்லாம் ரெட்டிப்பா வந்துட்டு. பிள்ளையள் மட்டும் ஏன் அதே பத்து?”

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொன்றும் கேட்டீர்கள். “அப்பம் அவ மொதல்ல பெத்த பத்தும்?”

‘அவ’ என்றீர்கள், யோபின் மனைவியை. யோபுவைக் கேட்கவில்லை. அது எனக்கு அன்றைக்குக் காதில் விழவே இல்லை.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. சின்ன வயதிலிருந்து கன்வென்ஷன் பந்தல்களில் கேட்ட பதில். செத்த ஆடு போனது போனதுதான், அதனால் இரட்டிப்பாகக் கொடுத்தார். செத்த பிள்ளைகள் போய்விடவில்லை, தேவனிடத்தில் இருக்கிறார்கள். அங்கே பத்து, இங்கே பத்து, ஆக அதுவும் இரட்டிப்பு. அந்தப் பதில் பொய் என்று நான் சொல்லவில்லை டீச்சர். இன்றைக்கும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் உங்கள் குரல் அடங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். சொன்னதோடு விடாமல், சாக்பீஸை எடுத்து 10 + 10 = 20 என்று போர்டில் எழுதினேன். இரண்டு பேர் ஆமென் என்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து மூடினீர்கள். ஜெபம் முடிந்ததும் காப்பி குடிக்காமல் போனீர்கள். அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தால், போர்டை யாரும் அழிக்கவில்லை. ஆடு, ஒட்டகம், கழுதை, கடைசியில் அந்தக் கூட்டல்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை இந்த ஒரு வருஷத்தில் பல விதமாக யோசித்துவிட்டேன். உங்கள் கேள்வியை வாங்கி அப்படியே வகுப்பின் நடுவில் வைத்திருக்கலாம். “டீச்சர் கேட்டது இந்த அதிகாரத்தில் எங்கே இருக்கிறது, எல்லோரும் ஒரு தடவை பாருங்கள்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். பார்த்திருந்தால், யோபின் மனைவி புத்தகம் முழுக்க ஒரே ஒரு வசனம்தான் பேசுகிறாள், அது இரண்டாம் அதிகாரத்தில், என்பதை யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். கடைசி அதிகாரத்தில் சகோதரர், சகோதரிகள், அறிமுகமானவர்கள் எல்லோரும் வந்து யோபுக்கு ஆறுதல் சொல்லிச் சாப்பிடுகிறார்கள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு பிறந்த மூன்று பெண்களுக்குப் பெயர் உண்டு, சகோதரர்களோடு அவர்களுக்குச் சொத்தும் உண்டு. செத்துப்போன பத்துப் பேரில் ஒருவருக்கும் பெயர் இல்லை. இதையெல்லாம் உங்களுக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்தவரும் சொல்லியிருக்கக்கூடும். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும், அவர் ஏன் சொல்லியிருப்பார் என்பதும் தெரியும். ஒரே பதிலில் இரண்டு பேரையும் சேர்த்து அடக்கிவிட்டேன்.

யோபின் சிநேகிதர்கள் வந்தவுடன் என்ன செய்தார்கள்? ஏழு நாள் ராப்பகல் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. அவர்கள் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தரே அவர்களில் ஒருவனான எலிப்பாசிடம் சொல்கிறார். அதுவும் அதே 42ஆம் அதிகாரம்தான், ஏழாம் வசனம். கணக்குப் போடுகிற அவசரத்தில் அதை வாசித்துவிட்டுத் தாண்டிப் போனேன்.

ஆனால் டீச்சர், முந்திக்கொண்டு பதில் சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஞாயிறு பள்ளி. நீங்கள் வசனத்தின் இடத்தைச் சொல்வீர்கள், யார் முதலில் எடுத்து வாசிக்கிறானோ அவனுக்குப் படம். எனக்குக் கிடைத்த நல்ல மேய்ப்பன் படம் இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது. நிதானமாகத் தேடுகிறவனுக்கு நீங்கள் ஒரு நாளும் படம் கொடுத்ததில்லை. கேள்விக்குப் பதில் தெரியாது என்று நீங்கள் சொல்லி நாங்கள் கேட்டதும் இல்லை. ஞானோபதேச வினாவிடையில் கேள்வியும் அச்சடித்திருந்தது, பதிலும் அச்சடித்திருந்தது. தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சாகிவிட்டது. முந்நூறு வருஷத்துக்கு மேலாக வேதம் நம் பாஷையில், நம் கையில் இருக்கிறது. இருந்தும் பதில் தெரியாத கேள்வியை ஒருவருக்கொருவர் கேட்டுப் பார்க்க நம்மை யாரும் பழக்கவில்லை. பெரியவர்கள் வகுப்பிலும் அதே ஞாயிறு பள்ளியைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதுக்காரர்கள் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். இதில் உங்களுக்குப் பங்கே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று. நீங்கள் என்னிடம் நேரடியாகச் சொல்லியிருக்கலாம். நீங்கள் தூக்கி வளர்த்த பையன்தானே நான். அதற்குப் பதிலாக என் காதுக்கு வேறு வழியில் வந்தது. வந்த விதத்தைப் பார்த்தால் நீங்கள் அப்படியே சொல்லியிருப்பீர்கள் என்று நம்ப முடியவில்லை, அதனால் அதை விடுகிறேன். கமிட்டியில் பேசியதைப் பற்றியும் இங்கே எழுத மாட்டேன். அன்று அங்கே இருந்தவர்களும் இதை வாசிக்கிறார்கள்.

இப்படி எழுதியது தப்பு. உங்கள் நிலைமையில் யாரிடமாவது ஏதாவது சொல்லத்தான் தோன்றும். இருந்தாலும் அழிக்காமல் விடுகிறேன்.

வகுப்பு மாறியிருக்கிறது. நாற்காலிகளை வட்டமாகப் போடுகிறோம். ஆளுக்கொரு வசனம் என்று வரிசையாக வாசிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டேன். எழுத்துக்கூட்டி வாசிக்கிற இரண்டு பேர், தங்கள் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டே இருந்ததால் அதுவரை ஒன்றுமே கேட்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது நன்றாக வாசிக்கிறவர் ஒருவர் இரண்டு தடவை வாசிக்கிறார். அடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு ஐந்து நிமிஷம் பேச விடுகிறேன். இருபது பேர் முன்னால் பேசக் கூசுகிறவர்கள் பக்கத்து ஆளிடம் பேசிவிடுகிறார்கள், பிறகு அந்தப் பக்கத்து ஆளே “இவங்க ஒண்ணு சொன்னாங்க” என்று ஆரம்பித்துவைக்கிறார். அண்ணாச்சியிடம் தனியாகப் போய், மூன்று பேர் பேசின பிறகு நீங்கள் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பெரிய மனசு, ஒத்துக்கொண்டார். ‘என்ன கற்றுக்கொள்கிறோம்’ என்று ஆரம்பத்திலேயே கேட்பதில்லை. இங்கே யார் யார் இருக்கிறார்கள், யார் பேசவில்லை, எந்த வார்த்தை திரும்ப வருகிறது என்றுதான் கேட்கிறேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

போன மாதம் யோவான் 11. லாசரு செத்த வீடு. இரண்டாம் தடவை வாசித்து முடித்தபோது, எழுத்தே தெரியாத ஒரு பாட்டி கேட்டார்: “அக்காளும் தங்கச்சியும் ஒரே சொல்லத்தானே சொல்லுதாளுவ?” புரட்டிப் பார்த்தோம். 21ஆம் வசனத்தில் மார்த்தாள், 32இல் மரியாள். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான் என்று இரண்டு பேரும் ஒன்றுபோலத்தான் சொல்கிறார்கள். மார்த்தாளிடம் இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மரியாளிடம் அப்படி ஒன்றும் பேசவில்லை, எங்கே வைத்தீர்கள் என்று கேட்டுவிட்டு அழுகிறார். வகுப்பில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை டீச்சர். போர்டு பக்கம் போகவும் இல்லை. அப்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் நான் மார்த்தாளிடம் பேசுகிற மாதிரி பேசிவிட்டேன், அதுவும் நீங்கள் எதிர்பார்த்து வந்தது அது இல்லாதபோது.

இந்தச் சனிக்கிழமை யோபு 42ஐ மறுபடி எடுக்கிறோம். அதை முடிவு செய்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். வேறு பாடம் கிடையாது. நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளும்தான், நீங்கள் கேட்ட வரிசையில். யார் கேட்டது என்று சொல்ல மாட்டேன். என்னிடம் வேறு பதில் எதுவும் வந்து சேரவில்லை, பழைய பதிலை நான் எடுக்கப் போவதும் இல்லை. யாராவது எடுத்தால் தடுக்கவும் மாட்டேன், ஆனால் அதோடு பேச்சு முடியாமல் பார்த்துக்கொள்வேன்.

வாருங்கள் என்று கூப்பிட எனக்கு முகம் இல்லை. நேரம் அதே ஆறரை மணி. வகுப்பை மாடியிலிருந்து கீழ் ஹாலுக்கு மாற்றிவிட்டேன், படி ஏற வேண்டியதில்லை. மாடியில் வெக்கை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மாணவன்