நீ அனுப்புன சிவப்பு ஸ்டாம்ப்

கண்ணா,

பார்சல் நேத்து மத்தியானம் வந்துச்சு. அம்மாவுக்கு எது புடிக்கும்னு யோசிச்சு அங்க தேடி அலைஞ்சு ஒரே ஒரு பழைய அமெரிக்க ஸ்டாம்புக்கு 150 டாலர் குடுத்திருக்க, பிரிச்சதும் எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, அப்பா என்னாச்சுன்னு ஓடி வந்துட்டாரு. அதனாலதான் இத உன்கிட்ட மறைக்க மனசு வரல. அது காயில் ஸ்டாம்ப் இல்லப்பா, அதாவது ரோலா சுத்தி வித்தது, எதிரெதிர் ரெண்டு ஓரத்துல பல்லே இருக்காது. பெரிய தாள்ல அடிச்ச சாதாரண ஷீட் ஸ்டாம்ப வெட்டி காயில்னு சொல்லி உன் தலையில கட்டிட்டாங்க.

எடுத்த உடனே நான் இத சொல்லல, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்து பாத்தேன். முதல்ல முகம். வாஷிங்டன் தலை, கீழ 'டூ சென்ட்ஸ்'னு எழுத்துலயே இருக்கு. 1912க்கு அப்புறம் வந்த 2 சென்ட்ல நம்பர்தான் இருக்கும், அதனால இது அதுக்கு முந்தினது, சரி. அடுத்து ஓரத்துல இருக்கிற பல்லு. 2 சென்டிமீட்டர் நீளத்துல எத்தனை ஓட்டைன்னு எண்ணணும், 12 வந்துச்சு, அதுவும் சரி. அப்புறம் சாமி விளக்க அணைச்சிட்டு, ஜன்னல தொறந்து வச்சு, கருப்பு தட்டுல ஸ்டாம்ப குப்புற போட்டு லைட்டர் திரவம் ரெண்டு சொட்டு விட்டேன் (பக்குன்னு பத்திக்கும், நீ செஞ்சா ஜாக்கிரதை). யு.எஸ்.பி.எஸ்.ங்குற எழுத்துதான் அந்தக் காலத்து பேப்பர்ல வாட்டர்மார்க், அதாவது பேப்பருக்குள்ளயே மங்கலா இருக்கிற குறி, ஒரு ஸ்டாம்புல ஒரு எழுத்தோட துண்டுதான் விழும். 1910 வரைக்கும் அது ரெட்டைக் கோடு, அப்புறம் ஒத்தைக் கோடு, 1916ல வாட்டர்மார்க்கையே விட்டுட்டாங்க. உன்னோடதுல ஒத்தைக் கோட்டுல எஸ் எழுத்தோட வளைவு லேசா தெரிஞ்சுது பாரு, எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. எல்லாம் பொருந்துதே, புள்ள நிஜமாவே புடிச்சிட்டானோன்னு.

ஏன் அவ்ளோ படபடப்புன்னா, மெஷின்ல விக்கிறதுக்கும் ஒட்டுறதுக்கும்தான் காயில் ரோல் போட்டாங்க, 12 பல்லு வச்சா ரோல் சீக்கிரம் பிஞ்சு போச்சு, அதனால 1910 கடைசியிலயே எட்டரை பல்லுக்கு மாத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒத்தைக் கோட்டுப் பேப்பர்ல வந்த 12 பல்லு காயில் ரொம்ப கொஞ்சம். அதனாலதான் இதுல இவ்ளோ போலி. 150 டாலருக்கு நல்லது கிடைக்கவே கிடைக்காது கண்ணா.

அப்புறம்தான் உயரத்த பாத்தேன். என் ஆல்பத்துல இருக்கிற சாதாரண ஷீட் ஸ்டாம்ப அடியில வச்சு உன்னோடத மேல வச்சேன். நல்ல காயில்னா அதே உயரம் இருக்கணும், கொஞ்சம் கூடவும் இருக்கலாம். இது வலது பக்கம் முழுசா ஒரு மில்லிமீட்டர் கம்மி, இடது பக்கம் அரை மில்லிமீட்டர். அதாவது மேல் ஓரம் சாஞ்சு ஓடுது. லென்ஸ் வச்சு பாத்தா அந்த ஓரத்துல ரெண்டு இடத்துல சின்னதா குழி, பழைய ஓட்டையோட அடிப்பாகம் அது, கத்திரிக்கோல் முழுசா எடுக்காம விட்டுருச்சு. கீழ் ஓரம் மட்டும் அசல்தான். அந்த ஷீட்ல 400 ஸ்டாம்ப் அடிச்சு நூறு நூறா நாலா வெட்டுவாங்க, வெட்டுன இடத்துல பல்லு இருக்காது. அந்த மாதிரி ஒரு ஸ்டாம்ப எடுத்து எதிர் ஓரத்த மட்டும் வெட்டிட்டா 'காயில்' ரெடி. நூறு வருஷம் தாங்கி வந்த ஒரு பொருள யாரோ காசுக்காக வெட்டியிருக்காங்களேன்னுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு, உன் பணத்த விட அதுதான் உறுத்துது.

வித்தவங்ககிட்ட மரியாதையாவே எழுதி பணத்த திருப்பிக் கேளு, ஓரத்த பெருசா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன். இனிமே இந்த மாதிரி காயில் வாங்குனா நியூயார்க்ல இருக்கிற ஃபிலாட்டலிக் ஃபவுண்டேஷன் (ஸ்டாம்ப் அசலான்னு பாத்து சொல்ற அமைப்பு) சர்டிஃபிகேட் இல்லாம வாங்காத. தனியா ஒத்த ஸ்டாம்ப விட ஜோடியா வாங்குறது நல்லது, ஜோடியில வெட்டுறது கஷ்டம்.

இன்னொண்ணு. கூடவே ஒரு கவர்ல சும்மா போட்டு அனுப்பியிருந்தாங்களே, பச்சை 1 சென்டும் ஊதா 3 சென்டும், இன்னிக்கு பூரா நான் அதுலதான் இருந்தேன். முதல் உலகப் போர் செலவுக்காக 1917 நவம்பர்ல லெட்டர் கட்டணத்த 3 சென்ட் ஆக்குனாங்க, அப்போ நல்ல மை கிடைக்கல, கிடைச்ச மை பிளேட்ட தேச்சுடுச்சு, அதனால கொஞ்ச காலம் ஆஃப்செட்ல, அதாவது பிளேட் நேரா பேப்பர்ல படாம ரப்பர் வழியா, அடிச்சாங்க. கண்ண மூடி விரல வச்சு தடவுனாலே தெரியுது, செதுக்குன பிளேட்ல அடிச்சதுல மை மேடா நிக்கும், ஆஃப்செட் வழவழன்னு இருக்கும். எனக்கு ரெண்டு ஆஃப்செட் கிடைச்சிருக்கு! விலை ஒண்ணும் பெருசா இல்ல, ஆனா கவர்ல கிடந்தத நானே பிரிச்சு புடிச்சேன். பச்சையில 12 பல்லு, 10 பல்லு, 11 பல்லு மூணும் இருக்கு. ரோட்டரி பிரஸ்ல (உருளையா வளைச்ச பிளேட்ல) அடிச்சது கொஞ்சம் உயரமாவோ அகலமாவோ இருக்கும், அத இன்னும் அளந்து முடிக்கல.

அதனால அடுத்த தடவ எனக்கு ஏதாவது வாங்கணும்னு தோணுச்சுன்னா, வகை பிரிக்காத பச்சையும் சிவப்பும் கலந்து ஒரு பொட்டலம் வாங்கி அனுப்பு, போதும். பொங்கலுக்கு வரும்போது நல்ல பெர்ஃபரேஷன் கேஜ் (பல்லு அளக்குற அளவுகோல்) ஒண்ணு எடுத்துட்டு வா, என்னோடது கோடு அழிஞ்சு போச்சு. அந்த திரவம் மட்டும் வேண்டாம், ஃப்ளைட்ல விட மாட்டாங்க.

ஒழுங்கா சாப்புடு.

அம்மா