நான்காவது சிங்கத்தைக் காட்டியவர்களுக்கு நன்றி

எங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்திய அசோகர் தூண் கண்காட்சி நல்லபடியாக நடந்து முடிந்தது. தோள் கொடுத்த எல்லோருக்கும் வட்டத்தின் சார்பில் இந்த மடல்.

முதல் நன்றி சுதை வேலை செய்யும் அண்ணனுக்கு. கோயில் திருப்பணிக்கு நடுவிலும் காசிக்கு அருகே சாரநாத்தில் அசோகர் நிறுத்திய தூணின் உச்சியில் இருந்த சிங்கத் தலைப்பை அப்படியே செய்து கொடுத்தார். காசில் மூன்று சிங்கங்களையே பார்த்துப் பழகிய பிள்ளைகள், பின்பக்கம் போய் நான்காவதைக் கண்டதும் போட்ட கூச்சலை நூலகர் அம்மா பொறுத்துக்கொண்டார். அதற்குத் தனி நன்றி.

மளிகைக்கடை ஐயா தன் சேகரிப்பிலிருந்து கொடுத்த காசுகளில் இரண்டை அருகருகே வைத்தோம். ஒன்றில் ஆறாம் ஜார்ஜ் மன்னர். 1950இல் வந்த மற்றொன்றில் அவர் இருந்த இடத்தில் சிங்கங்கள். நாங்கள் எழுதி ஒட்டிய எதையும்விட அந்த இரண்டு காசுகள் அதிகம் பேசின.

விளக்க அட்டைகள் வரலாற்று ஆசிரியை எழுதியவை. 1794இல் காசியில் சந்தை கட்டுவதற்காகச் சாரநாத்தின் பௌத்தத் தூபி ஒன்றிலிருந்து செங்கல் பெயர்த்துப் போன கதையில் தொடங்கினார். 1837இல் கல்கத்தா நாணயச்சாலை அதிகாரி ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சி தூபியின் கல்வேலியில் சாதாரண மக்கள் பொறித்துவைத்த கொடைக் குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் படிக்கத் தெரியாமல் போயிருந்த பழைய பிராமி எழுத்தைப் படித்துவிட்டார். ஆனால் அந்த எழுத்தில் உள்ள கல்வெட்டுகளில் 'பியதசி' என்ற பெயரில் பேசும் அரசர் யார்? இலங்கையில் அரசுப் பணியிலிருந்த ஜார்ஜ் டர்னர் பாலி நூல்களைப் புரட்டி, அது அசோகர்தான் என்று காட்டினார். சிங்கத் தலைப்பு 1904-05 அகழாய்வில் கிடைத்தது, தோண்டியவர் எஃப். ஓ. ஓர்ட்டெல் என்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர். தொல்லியலைத் தொழிலாகக் கொண்டவர் இந்த மூவரில் ஒருவர்கூட இல்லை! புராண அரச வரிசையில் ஒரு பெயராகக் கிடந்தவர், 1947 ஜூலை 22 அன்று தேசியக் கொடியின் நடுவே சக்கரமாக ஏறியதற்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது.

"அசோகர் நம்மை ஆண்டதே இல்லையே, அவர் சின்னம் நமக்கு எதற்கு?" என்று கேட்ட பெரியவருக்கும் நன்றி. நியாயமான கேள்விதான். அசோகரே தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியரை எல்லைக்கு அப்பால் உள்ளவர்கள் என்றுதான் சொல்கிறார். அங்கும் மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ வசதி செய்ததாகச் சேர்த்துக்கொள்கிறார். பெரியவர் முழுச் சமாதானம் அடையவில்லை. எனக்கும் அதில் வருத்தமில்லை. பல அரசர்களுக்கு நடுவே போரைக் கண்டு வருந்தியதாகக் கல்லிலேயே வெட்டிவைத்த ஒருவரைப் புதிய குடியரசு தேர்ந்தெடுத்தது. தேர்வு என்றால் கேள்வியும் வரத்தான் செய்யும்.

சாப்பாடு, பந்தல், ஒலிபெருக்கி என்று பார்த்துக்கொண்ட தம்பி தங்கைகள் அனைவருக்கும் அன்பு. காசுகளையும் பழைய பத்திரங்களையும் கொடுத்தவர்கள், ரசீதுடன் நூலகத்துக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். சிங்கத் தலைப்பு வாசிப்பறையிலேயே இருக்கும். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கத் தடையில்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார்.