வளர்ப்புப் பிள்ளைகளுக்காக ஓடும் ஸ்கூட்டர்கள்: லெஸ்டரிலிருந்து மாமாவுக்கு

லெஸ்டர்,
இங்கிலாந்து.

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே குளிர் விட்டுவிட்டது. ஸ்கூட்டர்க்காரர்கள் எல்லாம் ஷெட்டைத் திறந்து வண்டிகளை வெளியே எடுத்துத் துடைக்கிற சமயம்.

எங்கள் ஸ்கூட்டர் கிளப் வளர்ப்புப் பிள்ளைகளுக்காகச் சவாரி நடத்திப் பணம் திரட்டுகிறது என்று சொன்னதற்கு, "ஸ்கூட்டர் ஓட்டினால் அநாதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பணம் கிடைக்கும்?" என்று கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். முதலில், இவர்கள் அநாதைகள் இல்லை மாமா. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள். வீட்டில் அடி உதை, போதை, தாய்க்குத் தீராத நோய், கவனிக்க ஆள் இல்லை என்று ஏதோ ஒரு காரணத்தால் பிள்ளையை அங்கே விட்டுவைக்க முடியாது என்றாகும்போது கவுன்சில், அதாவது உள்ளாட்சி நிர்வாகம், பொறுப்பேற்கிறது. 1989-ஆம் வருஷத்துக் குழந்தைகள் சட்டம்தான் இதற்கு அடிப்படை. முறையாக விசாரித்து, பயிற்சி கொடுத்து, அனுமதி தந்த குடும்பத்தில் பிள்ளையைத் தங்க வைப்பார்கள். இது தத்து இல்லை. சில பிள்ளைகள் சில நாளில் வீடு திரும்பும். சில பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து ஆளாகும். 2024 மார்ச் கணக்குப்படி இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 83,600 பிள்ளைகள் இப்படிக் கவுன்சில்களின் பொறுப்பில் இருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் வளர்ப்புக் குடும்பங்களில்.

வளர்ப்புக் குடும்பத்துக்கு அரசாங்கம் வாராவாரம் படி கொடுக்கிறது. அப்படியிருக்க நாங்கள் எதற்கு என்றால், படி சாப்பாட்டுக்கும் துணிக்கும் சரியாகப் போய்விடும். ராத்திரி பதினோரு மணிக்கு உடுத்திய துணியோடு வந்து நிற்கிற பிள்ளைக்கு, அந்த நிமிஷத்தில் மாற்றுத் துணியும் பல் துலக்கும் பிரஷ்ஷும் யார் கையில் இருக்கிறது? ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும்போது சாமான்களைக் குப்பை போடுகிற கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கிற வழக்கம் இந்த நாட்டில் இன்னும் முழுக்க ஒழியவில்லை. தன் உடைமையெல்லாம் குப்பைப் பையில் போவதைப் பார்க்கிற பிள்ளை, தன்னைப் பற்றி என்ன நினைக்கும்? எங்கள் கிளப் இந்த ஒன்றைத்தான் கையில் எடுத்திருக்கிறது: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஜிப் வைத்த நல்ல பை, உள்ளே முதல் இரண்டு நாளைக்கு வேண்டிய சாமான்.

இனி வண்டிகளைப் பற்றி. உங்களுக்கு இதுதான் முதலில் வேண்டியிருக்கும் என்று தெரியும்! வெஸ்பா பி.எக்ஸ், லாம்பிரெட்டா, புதிய கியர் இல்லாத வெஸ்பா என்று எல்லாம் வரும். பாதிப் பேர் வண்டியில் நம் நாட்டு இரும்புதான் ஓடுகிறது. லக்னோவில் நீங்கள் விஜய் சூப்பர் என்று பார்த்த அதே தொழிற்சாலை, இத்தாலியின் இன்னொசென்டி கம்பெனியிடமிருந்து எந்திரங்களை வாங்கி, லாம்பிரெட்டா ஜி.பி. வண்டிகளை இந்த நாட்டுக்கே ஏற்றுமதி செய்தது. கான்பூர் எல்.எம்.எல்.லின் ஸ்டார் வண்டியும் இங்கே விற்றது. நாற்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு இங்கே சாலை வரியும் கிடையாது, வருஷாந்திரப் பரிசோதனையும் கட்டாயமில்லை. இன்ஷூரன்ஸ் மட்டும் கட்டாயம். கட்டாயமில்லை என்பதற்காகப் பரிசோதிக்காத வண்டியை எங்கள் சவாரியில் சேர்ப்பதில்லை. கிளம்புவதற்கு முதல் வாரமே பிரேக், டயர், விளக்கு, ஸ்டீரிங் ஆட்டம் எல்லாம் பார்த்துவிடுவோம்.

வழக்கமான பாதை லெஸ்டரிலிருந்து மெல்டன் மௌப்ரே வழியாக ஓக்கம், அங்கிருந்து ரட்லண்ட் ஏரிக்கரை. மோட்டார்வே பக்கமே போவதில்லை. காரணம், அடிப்படைப் பயிற்சிச் சான்று மட்டும் வைத்திருக்கிற இளைஞர்கள் 125 சிசி வண்டியில் சிவப்பு 'எல்' ஒட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு மோட்டார்வேயில் அனுமதி இல்லை, பின்னால் ஆள் ஏற்றவும் கூடாது. அந்தச் சான்று இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். பதிவு செய்யும்போதே தேதியைப் பார்த்துவிட வேண்டும். காலாவதியாகியிருந்தால் இன்ஷூரன்ஸும் கை கொடுக்காது.

அறுபது எழுபது வண்டிகளைக் கூட்டமாக ஓட்டுவது சாதாரணம் இல்லை. சந்திப்பில் நின்று மற்ற வண்டிகளை மறிக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது, அது போலீஸ் வேலை. அதனால் சிக்னலில் கூட்டம் அறுந்துதான் போகும். அறுந்தாலும் யாரும் வழி தவறக் கூடாது என்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். முதல் வண்டி வழிகாட்டி, கடைசி வண்டி ஆரஞ்சு மேலங்கி போட்டவர். இந்த இருவரும் மாறுவதே இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ரவுண்டானாவிலும், வழிகாட்டிக்கு அடுத்து வருகிறவர் பத்திரமான இடமாகப் பார்த்து ஒதுங்கி நின்று, வருகிற எல்லோருக்கும் கையால் திசை காட்டுவார். ஆரஞ்சு மேலங்கி கண்ணில் பட்ட பிறகுதான் அவர் கிளம்பி, கடைசி ஆளுக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்துக்கு அப்போது இரண்டாவதாக இருப்பவர். இது கெட்டுப்போவது ஒரே காரணத்தால்தான்: நிற்கிறவர் பொறுமை இழப்பது. நடுவில் இரண்டு நிமிஷம் வண்டியே வராவிட்டால், எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்துக் கிளம்பிவிடுவார். பின்னால் வருகிற இருபது வண்டி நேரே வேறு ஊருக்குப் போய்விடும். அதனால் புறப்படுமுன் ஆரஞ்சு மேலங்கிக்காரரை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, இவரைப் பார்க்காமல் நகரக் கூடாது என்று இரண்டு முறை சொல்கிறோம்.

வேகம் மணிக்கு 40, 45 மைல். அதற்கு மேல் போனால் சின்ன வண்டிகள் திணறும். ரொம்பக் குறைந்தால் டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பிளக் கரி பிடித்து நின்றுவிடும். ஆயில் பம்ப் இல்லாத வெஸ்பாவுக்குப் பெட்ரோலில் 2 சதவீதம் ஆயில் கலக்க வேண்டும், அதாவது 5 லிட்டருக்கு 100 மில்லி. லாம்பிரெட்டாக்காரர்கள் 4 சதம் வரை போடுகிறார்கள். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு உருளக் கூடாது என்று புதியவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்போம். பெட்ரோல் போகாவிட்டால் அதில் கலந்த ஆயிலும் போகாது, சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு இது தெரிந்த விஷயம். இங்கே புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதம் வரை எத்தனால். பழைய ரப்பர் பைப்பும் கார்பரேட்டர் வாஷரும் ஊறி உப்பிவிடுகின்றன. அதனால் பழைய வண்டிகளுக்கு விலை கூடின சூப்பர் பெட்ரோல்தான். அதில் எத்தனால் 5 சதத்துக்கு மேல் இருக்காது.

கூடவே ஒரு வேன் வரும். அதில் கிளட்ச் கேபிள், கியர் கேபிள், கேபிள் முனையை இறுக்குகிற குமிழ்கள், பிளக்குகள், காற்றடைத்த 10 இஞ்சு ஸ்டெப்னி இரண்டு, 8, 10, 11, 13 ஸ்பேனர்கள், வண்டியைக் கட்ட நாலு பட்டை. பிளக்கில் நெட்டை குட்டை இரண்டும் வைத்திருக்க வேண்டும். குட்டை பிளக் இருக்க வேண்டிய ஹெட்டில் நெட்டையை முறுக்கினால் பிஸ்டனில் இடிக்கும். அதிகமாகப் போவது கிளட்ச் கேபிள்தான். லீவர் பக்கத்து ஈயக் குண்டுக்கு ஒட்டினாற்போல இழை இழையாக அறுந்து வரும். அதனால் முந்தின வாரப் பரிசோதனையிலேயே லீவரை முழுக்க இழுத்து, அந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்ப்போம்; ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிட வேண்டும். புதுக் கேபிளுக்கு கிரீஸ் தடவி லீவர் பக்கமிருந்து நுழைத்து, எஞ்சின் பக்கம் இழுத்துப் பிடித்துக் குமிழை முறுக்கி, லீவரில் 2 மில்லிமீட்டர் ஆட்டம் விட்டால் போதும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் வழுக்கி, பிளேட் தேய்ந்துவிடும். காற்று பி.எக்ஸுக்கு முன்னால் 18, பின்னால் 25 பி.எஸ்.ஐ.; பின்னால் ஆள் உட்கார்ந்தால் 36. பங்க்சர் ஆனால் வழியில் ரிம்மைப் பிரிக்க யாரையும் விடுவதில்லை. இரண்டு பாதி ரிம்மைச் சேர்த்துப் பிடிக்கிற நட்டுகளும் சக்கரத்தை டிரம்மில் பிடிக்கிற நட்டுகளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். காற்று இருக்கும்போது தவறான நட்டைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரிந்து முகத்தில் அடிக்கும். முழுச் சக்கரத்தை மாற்றிவிட்டுக் கிளம்புவதுதான் முறை.

பணம் எப்படி வருகிறது என்று கேட்டீர்களே. வண்டிக்கு 5 பவுண்டு பதிவுக் கட்டணம், துணியில் தைத்த பேட்ஜ், குலுக்கல் சீட்டு, உண்டியல். இதில் சட்டம் நிறைய இருக்கிறது. விழா நடக்கிற இடத்தில், அந்த நாளில் மட்டும் சீட்டு விற்றால் அனுமதி வேண்டாம். ஆனால் வசூலிலிருந்து பரிசுக்கு 500 பவுண்டுக்கு மேலும், மற்ற செலவுக்கு 100 பவுண்டுக்கு மேலும் எடுக்கக் கூடாது. முன்கூட்டியே வெளியே விற்பதென்றால் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும்: முதல் தடவை 40 பவுண்டு, பிறகு வருஷம் 20. அந்தச் சீட்டை 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது. தெருவில் உண்டியல் குலுக்கத் தனி அனுமதி. ஆனால் இந்த நாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. வருமான வரி கட்டுகிறவர் பதிவு பெற்ற அறநிறுவனத்துக்கு 10 பவுண்டு கொடுத்து, பெயரும் வீட்டு முகவரியும் எழுதித் தந்தால், அரசாங்கம் இரண்டரை பவுண்டு சேர்த்துக் கொடுக்கும். சீட்டு வாங்கிய பணத்துக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் இது கிடையாது, சும்மா கொடுத்த நன்கொடைக்கு மட்டும்தான். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டால் பிரிக்கவே முடியாது. அதனால் ஆரம்பத்திலேயே இரண்டு டப்பா, இரண்டு நிறம். எண்ணும்போது இரண்டு பேர் உட்கார்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பையில் என்ன வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் பேச்சு அதிகம். இரவு உடை, உள்ளாடை, சாக்ஸ், டூத் பிரஷ், பேஸ்ட், சோப்பு, துண்டு, சீப்பு, ஒரு நோட்டு, பேனா, சின்ன இரவு விளக்கு. எல்லாமே புதுசு, துணியின் விலைச் சீட்டை எடுத்துவிட்டு, அளவுச் சீட்டை மட்டும் விட்டுவைப்போம். ஐந்து வயதுப் பிள்ளை மூன்று வயது உடையில் அடங்குகிற நிலையில் வருவதுண்டு, அதனால் வயதை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு வயதுக்கும் இரண்டு அளவு. சீப்பிலும் கவனம் வேண்டும். சுருள் முடி உள்ள கறுப்பினப் பிள்ளைக்குக் கடையில் மலிவாகக் கிடைக்கிற மெல்லிய பல் சீப்பு ஆகாது. பெரிய பல் சீப்பும் தலைக்கு எண்ணெயும் வைக்க வேண்டும். பெரிய பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் கட்டாயம், கேட்க வாய் வராது. பழைய பொம்மை வாங்குவதில்லை. காகிதம் சுற்றிக் கட்டுவதும் இல்லை. உள்ளே இருப்பது இன்னதென்று பார்த்துக் கொடுக்க வேண்டியது வளர்க்கிறவர்கள் பொறுப்பு.

பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களை ஊர் மறந்துவிடுகிறது மாமா. ஈஸ்டருக்கு சாக்லேட் முட்டை கொண்டு போகிற சவாரிகள் இந்த நாடு முழுக்க நடக்கின்றன. நல்ல மனசுதான். ஆனால் சின்னப் பிள்ளை ஒன்றுக்குப் பத்து முட்டை சேர்ந்துவிடும், பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குத் தின்ன முடியாது, பெரிய பிள்ளைக்கு ஒன்றுமே வராது. என் கருத்தில் அந்தப் பணத்துக்குப் பெரிய பிள்ளைகளுக்குக் கடைக் கார்டு வாங்கிக் கொடுப்பதே மேல். தன் சட்டையைத் தானே தேர்ந்தெடுப்பது அந்த வயதில் சின்ன விஷயம் இல்லை. 2014-இல் வந்த குழந்தைகள், குடும்பங்கள் சட்டத்துக்குப் பிறகு, இரு தரப்பும் சம்மதித்தால் 21 வயது வரை அதே வளர்ப்பு வீட்டில் இருக்கலாம். தனியாகப் போகிறவர்களுக்கு வீடு அமைக்க 3,000 பவுண்டு வரை உதவி உண்டு. கட்டில், அடுப்பு, பாத்திரம் என்று வாங்கினால் அது எத்தனை நாள் நிற்கும்? சமையல் சாமான் பெட்டி ஒன்று தயார் செய்யலாம் என்று இந்த வருஷம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பையை எந்தப் பிள்ளை கையிலும் நாங்கள் கொடுப்பதில்லை. கவுன்சிலின் வளர்ப்புப் பிரிவு அலுவலகத்தில் இறக்கிவிட்டு வந்துவிடுவோம். பிள்ளையின் படம் எடுப்பது அறவே கிடையாது. சில பிள்ளைகள் இருக்கிற இடம் சொந்தப் பெற்றோருக்கே தெரியக் கூடாது என்று கோர்ட் உத்தரவு இருக்கும். ஒரு படத்தில் பள்ளிச் சீருடையோ வாசல் கதவு எண்ணோ தெரிந்தால் போதும், அந்தப் பிள்ளையை மறுபடியும் இடம் மாற்ற வேண்டி வரும். ஸ்கூட்டரில் ஒரு சுற்று ஏற்றிப் போகலாமே என்று புதிதாகச் சேருகிறவர்கள் ஆசையாகக் கேட்பார்கள். ஒத்துக்கொள்வதில்லை. நன்றி சொல்ல வேண்டிய கட்டாயத்தில் ஒரு பிள்ளையை நிறுத்தி வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

கேபிள் அனுப்பட்டுமா என்று கேட்டீர்கள். அவசியம் அனுப்புங்கள். லாம்பிரெட்டா ஜி.பி.க்குக் கிளட்ச் பத்து, கியர் இருபது (வண்டிக்கு இரண்டு போகிறது), முன் பிரேக் ஐந்து. உள் கம்பி மட்டும் போதும், வெளி உறை இங்கே கிடைக்கிறது. குண்டு நன்றாக ஈயம் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து எடுங்கள். பார்சல் சீட்டில் உள்ளதை உள்ளபடி, உண்மை விலையோடு எழுதுங்கள். 39 பவுண்டைத் தாண்டினால் அன்பளிப்புக்கும் இங்கே வரி போடுவார்கள், அதை நான் கட்டிக்கொள்கிறேன். ஏப்ரல் கடைசிக்குள் வந்துவிட்டால் மே மாதச் சவாரிக்கு வேனில் ஏற்றிவிடலாம்.

அத்தைக்கும் பாட்டிக்கும் என் வணக்கம்.

உங்கள் மருமகள்,
கவிதா