பிடி அரிசியும் ரோட்டாத் தாளும்

லெஸ்டர், இங்கிலாந்து

கிறிஸ்துவுக்குள் அன்பான அம்மாவுக்கு, ஸ்தோத்திரம்.

நானும் அவரும் பிள்ளைகளும் சுகம். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிக்கொண்டிருந்தது, இப்போது எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கிறது. குளிர்தான் விடமாட்டேன் என்கிறது.

"காணிக்கை ஒழுங்காகக் கொடுக்கிறியா" என்று போனில் கேட்டீர்கள். ஆமாம் என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்னது பொய்யில்லை, ஆனாலும் மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் சர்ச்சில் நிறையப் பேருக்குக் காணிக்கை மாதம் பிறந்ததும் பேங்க்கிலிருந்து தானாகப் போய்விடும். வருமான வரி கட்டுகிறவர்கள் ஒரு பாரம் எழுதிக் கொடுத்தால், நாம் கொடுக்கிற ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசாங்கத்திடமிருந்து சர்ச் வாங்கிக்கொள்ளலாம். நானும் எழுதிக் கொடுத்தேன், அதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். என்றைக்குப் பணம் போகிறது என்றுகூட நான் பார்ப்பதில்லை. நீங்கள் உலையில் அரிசி போடுமுன் சர்ச் காணிக்கைக்கென்று ஒரு பிடி எடுத்து அந்த மூடி நெளிந்த ஹார்லிக்ஸ் டப்பாவில் போடுவீர்கள். அப்பாவுக்கு வேலை இல்லாத அந்த வருஷம், கையை அரிசிக்குள் விட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, பிறகு போடுவீர்கள். போடாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. 1903-ல் பாளையங்கோட்டையில் ஐ.எம்.எஸ். என்ற இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு மிஷனெரி அனுப்பின நம் ஊர் ஜனங்களும் பணக்காரர்கள் இல்லையே.

அம்மா, ஆறு மாதமாக ஆஸ்பத்திரி வார்டில் ரோட்டா போடுவது என் பொறுப்பு. யாருக்கு நைட், யாருக்கு லீவு என்று நான்தான் எழுதவேண்டும். பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் முதலிலேயே எனக்கு லீவு எழுதிக்கொண்டேன், கொயரில் பாடவேண்டும் என்று ஒரு காரணத்தையும் வைத்துக்கொண்டு. வியாழன், வெள்ளி, சனி மூன்று நைட்டும் கோட்டயத்திலிருந்து வந்து நாலே மாதமான ஒரு பிள்ளைக்கு விழுந்தது. விழுந்தது என்ன, நான்தான் போட்டேன். உடை மாற்றுகிற அறையில் கோட்டு ஜிப்பைப் பாதி இழுத்தபடி நின்று, "சேச்சி, சனி ஒரு நைட் மட்டும் மாற்ற முடியுமா, ஈஸ்டர் குர்பானா ஆராதனைக்குப் போகணும்" என்று கேட்டாள். எல்லாம் போட்டாயிற்று, இனி மாற்ற முடியாது என்றேன். சரி சேச்சி என்று மீதி ஜிப்பையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பெரிய வெள்ளியன்று இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் பிரசங்கமும் கேட்டேன், ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. உக்கிராணக்காரன், அதாவது எஜமானுடைய பொருளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறவன், என்று வேதத்தில் வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பணப்பெட்டிச் சாவிதான் ஞாபகம் வரும். லூக்கா 12-ல் வேலைக்காரருக்கு ஏற்ற காலத்தில் படி கொடுக்கிற விசாரணைக்காரனைப் பற்றி வருகிறதே, அதுதான் அன்றைக்கு மனதில் வந்து நின்றது. படி அளக்கிற இடத்தில் ஆண்டவர் என்னை வைத்திருக்கிறார், நான் முதல் படியை எனக்கே அளந்துகொண்டேன். நீங்களும்தான் முதலில் ஒரு பிடி எடுத்தீர்கள், ஆனால் யாருக்காக எடுத்தீர்கள்!

ரோட்டா போடுவதெல்லாம் ஒரு பொறுப்பா என்று முன்பு நினைப்பேன். எஜமான் தன் வேலைக்காரரிடம் பணத்தை ஒப்புவித்துப் போகிற தாலந்து உவமையில் ஒரு தாலந்து என்றால் சின்னத் தொகை இல்லை. இன்னொரு உவமையில் திராட்சத் தோட்ட வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு பணம் கூலி பேசுகிறார்களே, அப்படி 6,000 பணம், கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 20 வருஷக் கூலி. ஒன்றே ஒன்று வாங்கினவன் கையிலும் அவ்வளவு இருந்தது. என் தாளிலோ இருபத்தாறு பேருடைய தூக்கமும் பண்டிகையும் பிள்ளை குட்டிகளோடு இருக்கிற நேரமும் இருக்கிறது.

ஈஸ்டர் முடிந்ததும் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ரோட்டாவில் எல்லாரும் கேட்டதை எழுதி முடித்த பிறகுதான் என் பெயரை எழுதினேன். இரண்டு ஞாயிறு ஆராதனைக்குப் போகமுடியாது, அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். அவர் போன சனிக்கிழமை யாரும் கேட்காமலே சர்ச் வாசல் லைட்டைச் சரிசெய்து கொடுத்தார்.

அப்புறம் ஒரு காரியம். இங்கே அறுப்பின் பண்டிகைக்கு டின்னில் அடைத்த பீன்ஸும் பாஸ்தா பாக்கெட்டும்தான் கொண்டு வருவார்கள், அதெல்லாம் ஏழைகளுக்குச் சாப்பாட்டுக்குப் போகும், நல்லதுதான். எனக்கு நம் ஊர் ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விடுவதுதான் கண்ணில் நிற்கிறது. இந்த வருஷம் எனக்காக ஒரு கருப்பட்டிச் சிப்பமோ வாழைத்தாரோ ஏலம் கேளுங்கள். 3,000 ரூபாய்வரை போகலாம். மைக்கில் என் பெயரைச் சொல்ல வேண்டாம், எடுத்ததைப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்